யானை பார்க்கப் போன கதை

என் தாயாருக்கு க்ஷயரோகம் கண்டிருப்பதாக வைத்தியர் சொல்லி, வெகு தூரத்திலிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்புவதென்று வீட்டுப் பெரியவர்கள் தீர்மானித்தபோது, மூன்று வயதுப் பிள்ளையான என்னை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட உபாயம் வெகு சுலபமானது. "வாடா ராஜா, கோயில் யானை பார்த்துட்டு வரலாம்" என்று அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். யானை இருந்தது, வாழைப்பழம் கொடுத்தேன், அது துதிக்கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தது. திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

இதில் எவ்வளவு என் சொந்த ஞாபகம், எவ்வளவு அத்தை சொல்லிச் சொல்லி என் ஞாபகமாகிவிட்டது என்பது எனக்கே நிச்சயமில்லை. சில நாள் வீடு அதிர அழுதேனாம். பிறகு சில நாள் திண்ணை மூலையில் சாப்பாடு வேண்டாமென்று உட்கார்ந்திருந்தேனாம். அதற்கும் பிறகு எல்லாரோடும் விளையாட ஆரம்பித்துவிட்டேனாம். "பிள்ளை தேறிவிட்டான்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். எட்டு மாதம் கழித்து அம்மா குணமாகி வந்து வாசலில் நின்று கையை நீட்டியபோது, நான் அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ அந்நிய ஸ்திரீயைப் பார்ப்பதுபோல் பார்த்தேன் என்பதை மட்டும் அத்தை எந்நாளும் என்னிடம் சொன்னதில்லை. அம்மாதான் ஒரு முறை சொன்னார்.

லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் ஜான் பௌல்பி என்ற மனோவைத்தியருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்ஸன், ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையை 1952-இல் திரைப்படமாக எடுத்துக் காட்டினார் என்பதையும், தாயைப் பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்துக் கதறி, பின் நம்பிக்கை இழந்து, கடைசியில் பற்றறுத்துக்கொள்கிறது என்று அவர் மூன்று நிலைகளை விவரித்தார் என்பதையும் நடுவயதில் படித்தபோது, என் திண்ணை மூலையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. அழுகை ஓய்ந்ததைச் சமாதானமென்று எண்ணிய பிழை எங்கள் வீட்டில் மாத்திரம் நடந்ததன்று. அந்நாளைய ஆங்கில ஆஸ்பத்திரிகள் பலவும் தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது என்பதையும் ஒரு காரணமாக்கித் தாயரைத் தூர நிறுத்தின. பிள்ளைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க விட வேண்டுமென்று பிளாட் குழு என்ற அரசு ஆலோசனைக் குழு அங்கே சிபாரிசு செய்தது 1959-இல்தான்.

பற்றறுத்த பிள்ளை பெரியவனாகிக் கலியாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மனைவி கடைத்தெருவுக்குப் போய் அரை மணி தாமதித்தால், முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன், பிறகு பஸ், லாரி, மயக்கம், மழை என்று வரிசையாகக் கற்பனை செய்வேன், தெருமுனை வரை போய் வருவேன், கடைசியில் அவள் காய்கறிப் பையும் சிரித்த முகமுமாக வந்து நின்றால், "இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய்?" என்று சீறுவேன். ஆபத்தில்லாமல் வந்தவளிடம் கோபம் ஏன் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பௌல்பி 1973-இல் வெளியிட்ட நூலொன்று பிரிவைப் பற்றியது. அதன் தலைப்பிலேயே அச்சத்தையும் கோபத்தையும் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

நம்மவர்களுக்கு இந்தப் பிரிவுத் துயரம் புதிய விஷயமன்று. குறளில் பிரிவாற்றாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு; ஆற்றுதல் என்றால் தாங்குதலும் ஆகும், சூடான பாலைக் குளிரச் செய்தலும் ஆகும். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பழைய காதற் பாட்டுகளை முல்லை, நெய்தல் என்று திணை திணையாகப் பிரிக்கும் அகத்திணைப் பாகுபாடுதான். முல்லையிலும் தலைவன் அருகில் இல்லை, நெய்தலிலும் இல்லை. இருந்தும் முல்லைத் தலைவி 'இருக்கிறாள்', அதாவது பொறுத்திருக்கிறாள்; நெய்தல் தலைவி 'இரங்குகிறாள்'. கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிப் போன சொல்தான் முல்லைக்காரியைத் தாங்குகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பண்டிதர்கள் ஆட்சேபித்தால் ஆட்சேபிக்கட்டும்.

என் மனைவி திணை இலக்கணம் படித்தவளல்லள். எனக்காக வெளியே போவதை அவள் நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் என் வியாதி முற்றியிருக்கும். யானைக் கதையை ஒருநாள் அவளிடம் சொன்ன பிறகு, புறப்படும்போது என் எதிரில் வந்து நின்று, "ஆறரைக்கு வந்துடுவேன், ஏழுன்னே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஏழுக்கு வருவாள். எப்போதாவது ஏழரையானால், என் முகத்தைப் பார்த்து, "என்ன, யானை வந்துட்டுதா?" என்பாள். கோபிக்க வாயெடுத்தவன் சிரித்துவிடுவேன். பல வருஷங்களில், அவள் கேட்குமுன்பே, வயிற்றுக்குள் அந்தப் பழைய கனம் அசையும்போது, "யானைதான், லாரியன்று" என்று நானே சொல்லிக்கொள்ளப் பழகினேன். அது போய்விடவில்லை, வந்து, நின்று, போகும்.

சென்ற மாதம் என் பெண் பிரசவ விடுப்பெல்லாம் முடிந்து வெகு நாளைக்குப் பின் உத்தியோகத்துக்குத் திரும்பினாள். இரண்டு வயதுப் பேரனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கன்றுக்குட்டியைக் காட்டும்படியும், அதற்குள் அவள் நழுவிவிடட்டும் என்றும் அடுத்த வீட்டு அம்மாள் யோசனை சொன்னார். நான் கூடாதென்றேன். பெண் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, "அம்மா போயிட்டு, விளக்கேத்தறப்போ வந்துடுவேன்" என்றாள். தெரு திரும்பும்வரை கதறினான்; என் தோள் நனைந்தது; அடுத்த வீட்டு அம்மாள் என்னைக் கல் நெஞ்சக்காரன் என்று நினைத்திருக்கக்கூடும்.

பத்து நாளாயிற்று. இன்று மத்தியானம் அவன் என் கைத்தடியை எடுத்துக்கொண்டு, "தாத்தா, போயிட்டு வரேன்" என்று சொல்லி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனான். உள்ளிருந்து சிறிது நேரம் சத்தமே இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கதவு திறந்தது.