வேர்க்கிற உள்ளங்கை

மார்கழிப் பனியிலும் சிலர் கை வேர்க்கும். கத்திரி வெயிலில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு முதுகு நனைவது உடம்பைக் குளிர வைப்பதற்காக. உள்ளங்கையும் உள்ளங்காலும் பெரும்பாலும் மனசின் பேச்சைக் கேட்டு நனைகின்றன. ஜப்பானிய உடலியல் அறிஞர் குனோ யாசு 1934-லேயே இந்த இரண்டு வேர்வையையும் பிரித்து எழுதிவிட்டார். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது எல்லோருக்கும் கை கொஞ்சம் ஈரமாகும். சிலருக்குச் சும்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டும். சுரப்பிகளில் கோளாறு இல்லை, எண்ணிக்கையும் கூடுதல் இல்லை. அவற்றை ஏவும் பரிவு நரம்புதான் ஓயாமல் ஏவிக்கொண்டிருக்கிறது. தூங்கிப்போனால் நின்றுவிடும்.

*

எதிர்வீட்டுப் பெண் வாசலில் புள்ளி வைப்பதைப் பார்த்தேன். கிண்ணத்திலிருந்து கோலமாவை எடுக்கும்போது பொடிதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வந்ததும் பசையாகிவிடுகிறது. கோடு இழுக்கிற இடத்தில் உருண்டை விழுகிறது. பாவாடையில் துடைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள், மறுபடி உருண்டை. அதே பெண் வெள்ளிக்கிழமை பூஜை அறையில் அரிசியை அரைத்து, அந்த மாவில் துணியை நனைத்து மாக்கோலம் போட்டால் இழை இழையாக வருகிறது. அங்கே ஈரம் ஒரு பொருட்டே இல்லை. "எனக்குக் கோலம் வராது சார்" என்று அவளே சொல்லிக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

*

ரேஷன் கடை. மெஷினில் பெருவிரலை வைக்க வேண்டும். சவுக்கு வெட்டியே விரல் நுனி தேய்ந்துபோன பெரியவருக்கு ரேகை விழவில்லை. அடுத்து வந்த கல்லூரிப் பையனுக்கும் விழவில்லை. அவன் விரல் தேயவில்லை, நனைந்திருந்தது. ரேகையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கருவி படிக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். "தொடச்சிட்டு வைப்பா" என்றார்கள். துடைத்த விரல் கண்ணாடிக்குப் போவதற்குள் மறுபடி ஈரம். பின்னால் ஆட்கள் முணுமுணுக்க முணுமுணுக்க இன்னும் வேர்த்தது. கடைசியில் அதே கார்டில் பேர் உள்ள அவன் அம்மா வந்து விரல் வைத்தார்.

வேர்க்குமோ என்கிற கவலையே வேர்க்க வைக்கிறது. "பயப்படாதே, சரியாயிடும்" என்பது ஆறுதலாகத் தோன்றலாம். கேட்கிற பிள்ளைக்கோ, தன் பயத்தால்தான் இது வருகிறது என்ற குற்றச்சாட்டாகக் கேட்கும்.

*

திண்டிவனத்தில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுத் தாள் நெளிந்திருந்தால், மை பரவியிருந்தால், கையெழுத்தைத் திட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் கையைப் பாருங்கள். ஜெல் பேனா வேண்டாம், பால்பாயின்ட் கொடுங்கள். மடித்த பருத்திக் கைக்குட்டையை மணிக்கட்டுக்கு அடியில் வைத்து எழுத விடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிறவர்கள் வீட்டிலேயே ஓ.எம்.ஆர். மாதிரித் தாளில் கைக்குட்டை வைத்துப் பழகிக்கொள்வது நல்லது. வட்டத்தை நிரப்பும்போது பக்கத்து வட்டம் ஈரத்தில் மங்கினால் அங்கே யாரிடமும் விளக்கம் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், உடம்பின் ஏதாவது ஓரிடத்தில் அளவுக்கு மீறி வேர்ப்பவர்கள் 2.8 சதவீதம். அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்துமானால் 40 பேர் உள்ள வகுப்பில் சராசரியாக ஒருவர் இருப்பார். உள்ளங்கை வேர்வை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்குகிறது. பலருக்கு வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். அப்பா கை, பெரியம்மா கை.

*

நரம்புத் தளர்ச்சி. கை வேர்க்கிற இளைஞர்கள் பலர் இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் வாழ்கிறார்கள். மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியர் என்று வந்து உட்காருகிறவர்கள் இந்தப் பயத்தை வைத்தே லேகியம் விற்றுவிடுகிறார்கள். ஆண்மைக் குறைவோடும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். கை வேர்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நரம்பு தளரவில்லை. தளர்ந்திருந்தால் வேர்க்காது.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை மறைக்கச் சொல்கிற வீடுகளும் உண்டு. மணமேடையில் எப்படியும் கையைப் பிடிக்கத்தானே போகிறார்கள்? முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு பயம் குறையும்.

*

வைத்தியம். மலிவிலிருந்து தொடங்குகிறேன்.

சவரம் செய்த இடத்தில் படிகாரம் தேய்த்தால் சுருக்கென்று இறுகும். படிகாரம் ஒரு அலுமினிய உப்பு. தோல் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுக்கும் அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் லோஷனும் அதே குடும்பம்தான், பொதுவாக 20 சதவீதம். வேர்வைக் குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். இதை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. ராத்திரி, கை வேர்க்காத நேரத்தில், நன்றாக உலர்ந்த கையில் தடவ வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக் கையில் தடவினால் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி எரியும். எரிந்ததும் "ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டவர்கள் பலர். காயவைத்துவிட்டு மறுபடி முயன்று பார்க்கலாம். பலன் தெரிந்த பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு ராத்திரி போதும்.

டீத்தூள் டிகாஷனில் கை வைப்பதும் பழைய வழக்கம். டானின் தோலை இறுக்கும். லேசான வேர்வைக்கு உதவும், சொட்டுகிற கைக்குப் போதாது.

அடுத்தது தண்ணீரில் மின்சாரம். அயன்டோபோரெசிஸ் என்பார்கள். இரண்டு தட்டில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கை, நடுவில் 15 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், 20 அல்லது 30 நிமிஷம். வாரத்துக்கு மூன்று முறை. சில வாரங்களில் கை உலர ஆரம்பிக்கும். பிறகு வாரத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ தொடர வேண்டும், விட்டால் திரும்பிவிடும். மருத்துவமனையில் கற்றுக்கொண்டு, இதற்கென்றே விற்கிற கருவியை வாங்கி வீட்டிலேயே செய்கிறவர்கள் உண்டு. தண்ணீரில் தாது உப்பு இல்லாவிட்டால் மின்சாரம் சரியாக ஓடாது. அதனால் கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் இதற்கு ஆகாது. மரக்காணம் பக்கம் வாய் கரிக்கிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் போர்த் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். கீறல் இருந்தால் அதன்மேல் வாஸ்லின். மின்சாரம் ஓடும்போது கையை வெடுக்கென்று எடுக்கக் கூடாது, அடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் கிட்டே போகக் கூடாது. பேட்டரியையும் ஒயரையும் வைத்து வீட்டில் தானே செய்துபார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

மாத்திரை: கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின். உடம்பு முழுக்க வேர்வையைக் குறைக்கும், வாய் வறளும், மலம் இறுகும். குளிர்ப் பிரதேசத்தில் எழுதிய அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மே மாதம் கரும்புக் கொல்லையில் நிற்கிறவருக்கோ உப்பளத்தில் வாருகிறவருக்கோ முதுகு வேர்க்காமல் போனால் உடம்புச் சூடு ஏறி விழுந்துவிடுவார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஜப்பானில் 2023-இல் ஆக்ஸிபியூட்டினினை உள்ளங்கையில் மட்டும் தடவுகிற லோஷனாகவே அனுமதித்தார்கள். நம் ஊர் மாதிரி வெயிலுக்கு மாத்திரையைவிட அது ஏற்றதாகத் தோன்றுகிறது.

போட்டாக்ஸ் ஊசி ஒருமுறை போட்டால் ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். உள்ளங்கையில் பல இடங்களில் குத்த வேண்டும், வலி அதிகம், காசும் அதிகம்.

அறுவை சிகிச்சை. நெஞ்சுக்குள் கேமரா விட்டுப் பரிவு நரம்பைத் துண்டிப்பது. கை அன்றைக்கே உலர்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கையில் நின்ற வேர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் புறப்படலாம், பலருக்குப் புறப்படுகிறது. சிலருக்குச் சட்டை மாற்றி மாளாது. துண்டித்த நரம்பைப் பழையபடி ஆக்குவதும் நடக்காத காரியம். தைவானில் 2004-இல் 20 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இதைத் தடை செய்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு அவசரமாகப் போய் வெட்டிக்கொள்கிற சிகிச்சை அல்ல இது.

*

இடையில் ஒன்று. வேர்வைச் சுரப்பியை ஏவுகிற ரசாயனம் அசிட்டைல்கோலின். நெல்லுக்கும் மணிலாவுக்கும் அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் உடம்பில் இறங்கினால் இதே ரசாயனம் தேங்கி நிற்கும். மருந்தடித்து வந்தவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்து, எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கினால் அது இந்தக் கைவேர்வை அல்ல. உடனே 108.

*

எங்கே போவது? விழுப்புரத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கல்லூரி 2010-இல் தொடங்கியது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால் ஊருக்குள் போவதற்கு முன்னாலேயே கோரிமேட்டில் ஜிப்மர். ஓ.பி. சீட்டு போடும்போது தோல் பிரிவு என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: எத்தனை வயசில் ஆரம்பித்தது, இரண்டு கையும் ஒரே மாதிரியா, தூக்கத்தில் நிற்கிறதா, வீட்டில் வேறு யாருக்கு உண்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். நடுவயதில் புதிதாக ஆரம்பித்தாலோ, ஒரு கை மட்டும் வேர்த்தாலோ, ராத்திரி படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். அப்போது தைராய்டு, சர்க்கரை, காசநோய் பரிசோதனை செய்யாமல் லோஷனோடு திரும்பி வரக் கூடாது.