பனிக்கால மலைச்செலவும் வண்டித் தேர்வும்

வண்டி வாங்குதல் வணிக நூலார்க்குரிய பொருளேயன்றித் தமிழ் மாணவர் எழுதுதற்குரிய பொருளன்று என நண்பர்களுட் சிலர் நகைக்கக்கூடும். குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, நள்ளிரவு சிறுபொழுது என்று இலக்கண வகுப்பிற் பயில்கின்றோம். அந்நிலத்துப் பாக்களில், இரவில் மலைவழியே வரும் தலைவனை நினைத்துத் தோழி அஞ்சுவதையும், 'வழியின் ஏதம்' என்று அவ்வச்சத்திற்கு உரையாசிரியர் விளக்கந் தருவதையும் கற்கின்றோம். தேர்விற்கு விடை எழுதியவுடன் அவ்வச்சம் நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது. ஆனால் மார்கழிப் பனியில் மலையேறிப் பிழைப்பவர் இன்றும் உளர். அவர்தம் வீடுகளில் அவ்வச்சமும் உளது. ஆதலின், பனிக்காலத்து மலைச்செலவிற்கு எத்தகைய வண்டி தக்கது என்பதனை, எம் வீட்டில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எம் ஊர் தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர். ஊரைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் சமநிலம். மலை எமக்குத் தொலைவிலே தோன்றும் நீலக்கோடு மட்டுமே. என் தமக்கையார் ஆசிரியைப் பணி ஏற்று, அரூருக்குத் தெற்கேயுள்ள சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்ட பின்னரே, அந்நீலக்கோடு எம் இல்லத்தின் அன்றாடக் கவலையாயிற்று. மலையாளிப் பழங்குடியினர் சிற்றூர் பலவாய்ப் பிரிந்து வாழ்ந்து, சாமை முதலியன விளைக்கும் மலை அது. தமக்கையார் திங்கட்கிழமை விடியுமுன் புறப்பட்டு, மொரப்பூர், அரூர் வழியாய் மலையேறி, வாரம் முழுதும் ஆண்டுத் தங்கி, வெள்ளி மாலையில் இறங்கி வருவார். பேருந்து கிடைத்தபோது பேருந்து. கிடையாதபோது மூட்டைகளுடன் மக்களையும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் சட்டத்திற்கு மாறு என்பதனை அதில் நிற்போர் அனைவரும் அறிவர். வேறு வழியின்மையின் நிற்கின்றனர்.

ஒரு மார்கழி வெள்ளியன்று அவர் வந்த வண்டி, இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கருகிய நாற்றம் வீச, ஒரு வளைவில் நின்றுவிட்டது. ஏறியிருந்தோர் கீழே குதித்துச் சக்கரத்தின்கீழ்க் கல்லிட்டனர். ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்த தமக்கையார் இதனை இரண்டே சொற்றொடரிற் கூறிவிட்டு உணவிற்கு அமர்ந்தார். என் அன்னையார் அன்றிரவு உண்ணவில்லை. தமக்கையாரின் திருமணத்திற்கு நகை செய்யவென்று பல்லாண்டு சேர்த்த தொகை அன்னையாரிடம் இருந்தது. மறுநாட் காலையில் அவர் அதனைக் குறித்து, "கழுத்தில் போட வைத்திருந்தேன், கழுத்தைக் காக்கச் செலவாகட்டும்" என்றார். வண்டி வாங்குவது அவ்வாறு முடிவாயிற்று. எந்த வண்டி என்பது எளிதில் முடிவாகவில்லை.

மலை என்றதும் ஜீப் என்பது எம் தந்தையார் கருத்து. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று விலைக்கு வருவதாக அவர் கேள்வியுற்றிருந்தார். அண்டை வீட்டாரோ, கடன் பெற்றுப் புத்தம் புதிய பெரிய கார் வாங்குதலே குடும்பத்திற்கு மதிப்பு என்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே எம் தாய்மாமனார் வந்து சேர்ந்தார். அவர் படையில் ஓட்டுநராயிருந்து ஓய்வு பெற்றவர். காச்மீரத்துக் குல்மார்க்கில் இரு குளிர்காலம் வண்டி ஓட்டியவர்.

குல்மார்க்கைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடம் பனிச்சறுக்கு விளையாட்டிற்குப் பெயர் பெற்றது. 1948 ஆம் ஆண்டிலேயே நம் படையினர் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி அதன் வளர்ச்சியே. அடிவாரத்துத் தங்மார்க்கிலிருந்து குல்மார்க்கிற்கு ஏறும் வழி, பனி மிகுந்த நாள்களில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அந்நாள்களில் நான்கு சக்கர இழுவை உடையவற்றையும், சக்கரத்திற்குச் சங்கிலி பூட்டியவற்றையுமே மேலே விடுவது அங்கு வழக்கம்.

இவ்வளவும் கேட்ட தந்தையார், "அப்படியானால் நான் கூறியதுதானே சரி? நான்கு சக்கர இழுவைதானே வேண்டும்?" என்றார்.

"மாமா, அங்கே நான் கற்றது வேறு" என்று மாமனார் விளக்கத் தொடங்கினார். "நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி ஏறும், மறுப்பில்லை. ஆனால் இழுவை வண்டியை நிறுத்தாது. நிறுத்தும்போது நான்கு சக்கர வண்டியும் மற்றைய வண்டியும் ஒன்றே. எந்த வண்டியையும் நிறுத்துவது டயர் தரையைப் பற்றும் பிடிப்புத்தான். ஏறிவிட்டோம் என்ற துணிவில் வேகமாய் இறங்கிச் சறுக்கியவரை அங்கே கண்டிருக்கிறேன். மலை வண்டியை ஏற்றத்திற்காகத் தேடக்கூடாது. இறக்கத்திற்காகத் தேட வேண்டும்."

பிறகு அவர் மூன்று வினாக்களை எழுப்பினார். வழி எத்தகையது? ஏற்றும் சுமை எவ்வளவு? ஓட்டுபவர் யார்?

முதல் வினாவிற்கு விடை எளிதாயிற்று. தமக்கையார் செல்லும் வழி தாரிட்ட சாலை. அங்கே பனிக்கட்டி இல்லை. வடகிழக்குப் பருவமழையின் ஈரமும், உதிர்ந்த இலையும், விடியலின் மூடுபனியுமே உள. ஈரத் தாருக்கு வேண்டுவது நான்கு சக்கர இழுவையன்று. ஆழ்ந்த வரியுள்ள நல்ல டயரும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்புமே. வழுக்கும் இடத்தில் பிரேக்கை அழுத்த, சக்கரம் சுழலாது நின்றுவிடுமாயின், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது நேரே சறுக்கும். ஏ.பி.எஸ். பிரேக்கை நொடிக்குப் பன்முறை விட்டுவிட்டுப் பிடித்துச் சக்கரத்தைச் சுழல வைப்பதால், வளைவில் வண்டி நம் கைக்கு அடங்குகின்றது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதுக்கார் அனைத்திற்கும் இது கட்டாயமாயிற்று. ஆகவே பழைய வண்டியே வாங்கினும் அவ்வாண்டிற்குப் பிற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது முதல் முடிவு. தந்தையார் கேள்வியுற்ற ஜீப், இதனால் தானே நீங்கிற்று.

இரண்டாவது சுமை. பெரிய வண்டி பெருஞ்சுமை தாங்கும். ஆனால் தன்னையே சுமக்கவும் வேண்டும். எடை மிகமிக, இறக்கத்தில் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றலும் மிகும். அவ்வாற்றல் வெப்பமாகிப் பிரேக்கைத் தளர்த்தும். வேகம் இருமடங்காயின் நிறுத்துதற்கு வேண்டும் தூரம் நான்மடங்காகும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்தது. இதனாலன்றோ, எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்று மலைச்சாலை ஓட்டுநர் கூறுவர்! சிறிய கியரில் எஞ்சினே வண்டியைப் பின்பற்றி இழுத்து நிறுத்துவதால் பிரேக் குளிர்ந்திருக்கும். கற்பலகையும் புத்தகக் கட்டும் கொண்டு செல்லும் ஓர் ஆசிரியைக்குச் சிறிய, இலேசான வண்டியே போதும். தரையிலிருந்து அடித்தளம் மிகத் தாழாதிருத்தல் மட்டும் வேண்டும். சிறிய கார்கள் பலவற்றிற்கு அவ்விடைவெளி 160 முதல் 170 மில்லிமீட்டர் அளவினது. ஜீப் இனத்தவற்றுள் 200 மில்லிமீட்டருக்கு மேலும் உண்டு. சற்றே உயர்ந்து நிற்கும் சிறு காரே நடுவழியாகத் தோன்றிற்று. சிறு கார்களிற் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கப்படுவன; செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாயும்போது முன் சக்கரத்தின் பிடிப்புக் குறையும். "ஆதலால் பின்பெட்டியில் மூட்டை அடுக்காதே, கண்ணு" என்று மாமனார் தமக்கையாருக்குச் சொல்லி வைத்தார்.

மூன்றாவது வினாவே எல்லாரையும் வாய்மூட வைத்தது. ஓட்டுபவர் யார்? தந்தையார், தாமே வாரந்தோறும் கொண்டுவிடுவதாய் நினைத்திருந்தார். அவர்க்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. மாமனார் ஓர் ஓட்டுநரை அமர்த்தலாம் என்றார். அதுகாறும் எதுவும் உரையாது எம் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த தமக்கையார் அப்போதுதான் பேசினார்.

"என்னை யார் கொண்டுபோய் விடுவது என்றே எல்லீரும் பார்க்கிறீர்கள். நான் ஓட்டுவதற்கு வண்டி பாருங்கள். என் கால் கிளச்சுக்கு எட்ட வேண்டும். இருக்கையிலிருந்து வண்டியின் முன்மூலை எனக்குத் தெரிய வேண்டும். மலையில் வாழ்கிறவள் நான். நடுவாரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கீழிருந்து ஓட்டுநர் வரும்வரை காத்திருக்க முடியுமா?"

எடுத்த ஆராய்ச்சி அத்தனையும் அந்த ஒரு வினாவில் அடங்கக் கண்டேன். அதுவரை நாங்கள் ஒரு பொருளைத் தேடினோம். அதன்பின் ஒருவர்க்கேற்ற பொருளைத் தேடினோம். அகலமான பெரிய கார் அன்றே விலக்கப்பட்டது.

ஈராண்டு கடந்த சிறு கார் ஒன்றினை மாமனார் பார்த்து வந்தார். தொகையில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து நான்கு டயரும் புதிதாய் மாற்றினார். டயரின் பக்கத்தே பொறித்துள்ள நான்கெண்களைப் படிக்கவும் எமக்குக் கற்பித்தார்: முதலிரண்டு எண்கள் வாரம், பின்னிரண்டு ஆண்டு, 2319 என்றிருப்பின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்பது பொருள். வரியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையின் அந்த டயரை மாற்றியே ஆகவேண்டும். மூடுபனியில் முகப்பு விளக்கை மேல்நோக்கி எரித்தால் ஒளி பனித்துளியிற் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்குமாதலின், தாழ்ந்த ஒளியே ஏற்றதென்றும், தரையை ஒட்டி அமைந்த மூடுபனி விளக்கு அதனினும் நன்றென்றும் விளக்கினார். குறுகிய மலைச்சாலையில் எதிர்ப்பட்டால், இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிடுதல் வேண்டும் என்பது நம் நாட்டு ஓட்டுதல் விதி என்பதனையும் நினைவூட்டினார்.

இவை யாவும் முடிந்தபின் மலையடி வளைவொன்றில் தமக்கையாரைச் சோதித்தார். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் பிடித்து, கிளச்சை மெல்ல விட்டு, ஒரு சாணும் பின்னே உருளாது மீண்டும் எடுக்க வேண்டும். பின்னிருக்கையில் அமர்ந்து நான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்? இருமுறை எஞ்சின் அணைந்தது. மூன்றாம் முறை வண்டி, கன்று தாய்ப்பின் செல்வதுபோல் அமைதியாய் மேலே சென்றது. மாமனார் ஒன்றும் புகழவில்லை. "இனி நீ போகலாம்" என்றார்.

எம் தகடூர் நாட்டிற்கும் வண்டியைப் பற்றிய சிந்தனைக்கும் பழந்தொடர்பு ஒன்று உண்டென்பதை, புறநானூற்று வகுப்பில் அமர்ந்திருந்தபோது பின்னர் உணர்ந்தேன். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடுங்கால், உப்பு வணிகர் வண்டியின் அடியிலே கட்டிச் செல்லும் மாற்று அச்சினுக்கு அவனை ஒப்பிடுகின்றார். எருதுகள் இளையன, பாரமோ மிகுதி, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என அஞ்சியே வணிகர் அவ்வச்சினை உடன்கொண்டனர். வண்டியின் அழகையோ விரைவையோ பாடாது, இடர் வரினும் கைவிடாத ஓர் உறுப்பினைப் பாடிய அப்புலமை வியத்தற்குரியது. ஒரு வேந்தன் மகனுக்கு அவர் கண்ட பெருஞ்சிறப்பு, தேவை நேரும்போது உடனிருத்தலே. இன்று வண்டிக் கடைகளில் இருக்கையின் தோலையும் பாட்டுப் பெட்டியையும் பார்ப்போர், பின்பெட்டியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்றிருக்கின்றதா என்று பார்ப்பதில்லை. அதனையே முதலிற் பார்த்தவர் எம் மாமனார்.

நண்பர்காள்! வண்டியைத் தேர்வோர் வழியை அறிக, சுமையை அறிக, எல்லாவற்றினும் மேலாக, ஓட்டுபவரைக் கேட்டறிக. ஏறுதற்கு வேண்டும் வலிமையினும் இறங்குதற்கு வேண்டும் அடக்கமே பெரிது. எனினும், இவ்வாறு தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பெற்றோர் சிலரே. மலையில் பிறந்து மலையிலேயே வாழ்வோர், வந்த வண்டியில் ஏறுதலன்றித் தேர்வது எங்ஙனம்? அவர்கட்கு உரிய நல்ல வண்டி, பிரேக் செப்பமாயமைந்து, குறித்த காலத்தில் பனிக்காலத்தும் தவறாது வரும் அரசினர் பேருந்தே. இப்போது தமக்கையார் வெள்ளிதோறும் தனியே இறங்குவதில்லை. மருத்துவமனைக்கோ சந்தைக்கோ வரும் தாய்மார் இருவரோ மூவரோ உடன் வருகின்றனர். நகையாகக் கழுத்தில் கிடந்திருக்க வேண்டிய பொருள், மலையிலுள்ள சிலர்க்கு மாற்று அச்சாய் உதவுகின்றது. அவர் அனைவர்க்கும் நம்பத்தக்க வண்டி ஒன்று வாய்க்கும் நாள் விரைவில் வருவதாக!