வெள்ளை சரியானால் அரக்கும் சரியாகும்

புது டிவியை மாட்டியதும் பிக்சர் மெனுவில் நான் முதலில் தேடுவது கலர் டெம்பரேச்சரைத்தான். சில கம்பெனிகள் அதைக் கலர் டோன் என்று போட்டிருக்கும். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் அப்புறம். எது வெள்ளை என்று அங்கேதான் முடிவாகிறது. வெள்ளை பிசகினால் எந்த நிறமும் தேறாது.

தாமலிலும் காஞ்சிபுரத்துச் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இந்த வேலையை ஏனோதானோவென்று செய்ய முடியாது. பட்டு நூலோடு பழகிய கண்கள் நிறத்தை உடனே பிடித்துவிடும். 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம் நடந்தபோது, கூட்டத்தில் போக முடியாத பெரியவர்கள் டிவியிலேயே சேவித்தார்கள். தறியிலேயே வயசான ஒரு அம்மா கூப்பிட்டனுப்பினார். "தம்பி, பக்கத்து வீட்டு டிவியில பட்டோட கரை அரக்கா தெரியுது. நம்ம வீட்டுல ஊதா அடிக்குதே?" செட் 'கூல்' நிலையில் இருந்தது. 'வார்ம்' வைத்தேன். ஊதா விலகியது. வெள்ளியாக வெளுத்திருந்த சரிகையும் பொன்னுக்குத் திரும்பியது.

கலர் டெம்பரேச்சருக்கான கணக்கு கெல்வின். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுமார் 2700 கெல்வின். எண் ஏற ஏற நீலம் கூடும். நிகழ்ச்சிகளுக்கு நிறம் பார்க்கும் ஸ்டுடியோ மானிட்டரில் வெள்ளை சுமார் 6500. 'கூல்' வைத்தால் பல செட்டுகள் 9000-ஐத் தாண்டிவிடும். நீலம் கலந்த வெள்ளை நம் கண்ணுக்குக் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் அதற்காகத்தான். ஆனால் டிவியில் போட்ட நீலம் வேட்டியோடு நிற்காது, முகத்திலும் ஏறும். கடையில் பளிச்சென்று இருந்த செட், வீட்டில் ஆட்களை வெளிறிப்போனவர்களாகக் காட்டுவது இதனால்தான்.

2006-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச டிவிகள் பிக்சர் டியூப் செட்டுகள். அந்த வகை செட்டில் வெள்ளையைத் திருத்த சர்வீஸ் மெனுவுக்குள் போக வேண்டும். இப்போது ரிமோட்டே போதும்.

வீட்டார் வழக்கமாக டிவி பார்க்கும் நேரத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில்தான் செட்டிங் செய்வேன். முதலில் 'விவிட்' மோடை எடுத்துவிட்டு 'சினிமா' அல்லது 'மூவி' வைப்பேன். அடுத்து 'வார்ம்'. பிறகு ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஓடவிடுவேன். சாம்பல் நிறத்தில் நீலமோ சிவப்போ எட்டிப்பார்க்கக் கூடாது. அப்படியும் நீலம் தெரிந்தால், ஒயிட் பேலன்ஸில் நீல கெயினைக் குறைப்பேனே தவிர, சிவப்பை ஏற்ற மாட்டேன். ஏற்றினால் வெளிச்சமான இடங்களில் நுணுக்கம் போய்விடும். சரிகை இழை இழையாகத் தெரியாமல் ஒரே திட்டாகிவிடும். ஒரு வீட்டுச் செட்டில் வைத்த எண்களை இன்னொரு வீட்டில் வைக்கவும் மாட்டேன். ஒரே மாடலானாலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் இருக்கும்.

மாற்றிய அன்று "மஞ்சளா இருக்கே" என்பார்கள். அதுவரை நீலத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். ஒரு வாரம் ரிமோட்டைத் தொடாமல் பாருங்கள். அதன்பின் ஒருமுறை 'கூல்' வைத்துப் பாருங்கள். இத்தனை நாள் பார்த்தது எவ்வளவு நீலம் என்று உங்களுக்கே தெரியும். இதற்குப் பத்துப் பைசா செலவில்லை. படம் எடுத்தவர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிறத்தை உங்கள் வீட்டிலும் பாருங்கள்.