அடிஸ்வரத்தை மெல்ல ஊது

மார்ச் 4

பாரிடோன் சாக்ஸபோனில் அடிஸ்வரம் எழும்பவில்லை என்றால் வாசிப்பவர் உடனே செய்வது, இன்னும் பலமாக ஊதுவதுதான். பல நேரம் அது பலிக்கவும் செய்கிறது. ஸ்வரம் உறுமிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனாலேயே அடிஸ்வரத்துக்கு வேண்டியது பலம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிஸ்வரம் கைவசமாகிவிட்டதா என்பதை மெல்ல ஊதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பலம் குறைகளை மறைத்துவிடும். காரணம் குழாயிலேயே இருக்கிறது. லோ ஏ கீ உள்ள பாரிடோனின் கடைசி ஸ்வரம், எழுத்தில் ஏ என்றாலும், பியானோவின் நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கும் சி. அதிர்வு நொடிக்குச் சுமார் 65. அதற்கு எல்லாத் துளைகளும் மூடி, சுருட்டி மடித்த குழாயின் இரண்டரை மீட்டர் நீளக் காற்று முழுவதும் அதிர வேண்டும். இந்தக் கூம்புக் குழாய் இவ்வளவு கீழே வரும்போது அடிப்படை அதிர்வைத் தாங்குவதைவிட, அதற்கு ஒரு ஸ்தாயி மேலான அதிர்வையே நன்றாகத் தாங்குகிறது. பலமாக ஊதினால் மேல் அதிர்வுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ரீடை அடிஸ்வரத்தின் கதியிலேயே பிடித்து நிறுத்துகின்றன. மெல்ல ஊதினால் அந்தக் கூட்டு கலைகிறது; ஸ்வரம் தடுமாறுகிறது, அல்லது மேல்ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. ஆகவே மெல்லிய ஊதலில் நிற்கும் அடிஸ்வரம்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

மார்ச் 6

அந்த 'எல்லாம்' என்பதில் முதலில் வருவது வாத்தியம். நடு ஸ்தாயியில் பாதித் துளைகள் எப்படியும் திறந்திருக்கும். அவற்றை மூடும் பேட் சரியாக உட்காராவிட்டால் யாருக்கும் தெரியாது. லோ பி-ஃபிளாட்டில் அப்படித் தப்ப முடியாது. மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒவ்வொரு பேடும் காற்றை அடைக்க வேண்டும். அதிலும் மவுத்பீஸுக்குப் பக்கத்தில் காற்று கசியும் லீக்தான் அதிகம் கெடுக்கும். அடிக்கடி அகப்படும் குற்றவாளி ஜி-ஷார்ப் பேட். இடது சுண்டுவிரல் லோ பி-யையோ பி-ஃபிளாட்டையோ அழுத்தும்போது பெரும்பாலான வாத்தியங்களில் ஜி-ஷார்ப் கீயும் சேர்ந்தே அழுந்தும். அப்போது அந்தப் பேட் எழும்பாமல் பிடித்துக்கொள்வது, வலது கைக் கீகளோடு இணைந்த ஒரு கை. அதன் மேலே ஒரு சின்னத் திருகு. திருகு மயிரிழை தளர்ந்தாலும் பேட் திறக்கும், அடிஸ்வரம் கொப்பளிக்கும். சோதிப்பது சுலபம்: வலது கை மூன்று விரலும் அழுத்தி டி வாசித்துக்கொண்டே ஜி-ஷார்ப் கீயைத் தொட வேண்டும். நாதம் கொஞ்சம் மாறினாலும் கோளாறு திருகில்தான், உதட்டில் இல்லை. பாரிடோனுக்கே உரிய இன்னொரு தொல்லை, மேலே சுருண்டிருக்கும் வளைவில் தங்கும் தண்ணீர். அதை வடிக்காமல் அடிஸ்வரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கீழ் வளைவுக்குள் ஒரு கார்க்கைப் போட்டுக் கொப்பளிப்பை நிறுத்தும் கைவைத்தியமும் உண்டு. வளைவின் கொள்ளளவு மாறுவதால் சில வாத்தியங்களில் அது பலிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் லீக் பார்க்காமல் கார்க் போடுவது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பதுதான்.

மார்ச் 9

வாத்தியம் சரியென்றால் அடுத்தது வாய். ஒரே விரலமைப்பில் பல ஸ்வரங்கள் வரும் என்பதே இதற்குப் போதுமான ஆதாரம். லோ பி-ஃபிளாட்டைப் பிடித்தபடியே ஒரு விரலும் அசைக்காமல் மேல்ஸ்தாயி பி-ஃபிளாட், அதற்கு மேல் எஃப், மறுபடி பி-ஃபிளாட், டி என்று ஏறலாம். சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷர் 1941-இல் வெளியிட்ட 'டாப் டோன்ஸ்' பயிற்சி நூல் இந்த ஏற்றத்தை அடித்தளமாகக் கொண்டது. அவருடைய நோக்கம் உச்ச ஸ்வரங்கள். அதே படியில் இறங்கி வந்தால் அடிஸ்வரத்துக்கு நாக்கும் தொண்டையும் எப்படி இருக்க வேண்டும் என்பது பிடிபடும். நாக்கு தாழ்ந்திருக்க வேண்டும், கீழ் உதடு ரீடைக் கடிக்கக் கூடாது, வாயோரங்கள் மட்டும் இறுகியிருக்க வேண்டும். இங்கே ஓர் ஆட்சேபம் வரும்: தாடையைத் தொங்கவிட்டாலே மெல்லிய அடிஸ்வரம் கிடைத்துவிடுமே? கிடைக்கும். அது சப்டோன்; காற்றோசை கலந்த, கூர்மை மழுங்கிய நாதம். மெதுவான பாட்டுக்கு அழகான வண்ணம். ஆனால் சுருதி இறங்கிவிடும், நாக்கால் ஸ்வரத்தைத் தெளிவாகத் தொடங்குவதும் கடினம். அதனால் என் சோதனையில் சப்டோன் செல்லாது. மெல்லிய ஸ்வரம் முழு நாதத்தோடும் சுருதியோடும், நாக்கு பட்ட கணத்திலேயே தொடங்க வேண்டும். மென்மையான ரீட் போட்டுக்கொள்வதும் பாதித் தீர்வுதான். மெல்ல ஊதும்போது உதவும் அதே ரீட், பலம் கூட்டினால் மடங்கிப்போகும்.

மார்ச் 13

பெரிய ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்தேன். பின்னால் டிரம்பெட்டும் டிராம்போனும் வரிசை கட்டி நிற்கும் பிக் பேண்டில் மெல்ல வாசிக்கும் பாரிடோன் யாருக்குப் பயன்? ஹாரி கார்னியின் பெயரைத்தான் சொல்வார்கள். 1927 முதல் 1974 வரை டியூக் எலிங்டன் இசைக்குழுவுக்கு அடித்தளமாக நின்ற நாதம் அவருடையது, பெரிய நாதம்தான். ஆனால் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே ஊதும் சுழல் மூச்சில் அவர் ஒரே ஸ்வரத்தை நெடுநேரம் நிறுத்துவார். அந்த உத்தியில், மூச்சு உள்ளே போகும் கணத்தில் கன்னத்தில் அடைத்த காற்றை மட்டும் நம்பி ஸ்வரம் நிற்க வேண்டும்; பலத்தைப் பிடிவாதமாக நம்புகிறவருக்கு அது கைகூடாது. மறுபக்கம் ஜெர்ரி மல்லிகன். 1952-இல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோவே இல்லாமல், செட் பேக்கரின் டிரம்பெட், பாஸ், டிரம்ஸ் மட்டும் சேர்ந்த நால்வர் குழு அமைத்தார். டிரம்பெட் பாடும்போது அதன் கீழே பாரிடோன் மெல்லிய எதிர்ப்பாட்டு வாசித்தது. அதை உரக்க ஊதியிருந்தால் குழுவின் இசையே குலைந்திருக்கும். இருவரும் ஒரே வாத்தியத்தின் இரு எல்லைகள். இருவருக்கும் வேண்டியிருந்தது, அளவு எதுவானாலும் உடையாத ஸ்வரம். உரத்து வாசிக்க வேண்டிய இடம் உண்டு, அதை மறுப்பவர் யாருமில்லை. மெல்ல நிற்கும் ஸ்வரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம். உரத்தால் மட்டும் நிற்கும் ஸ்வரத்தைக் குறைக்க வழியில்லை. ஆகவே பயிற்சியின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் லீக், பிறகு தண்ணீர், அப்புறம் உதடும் நாக்கும், எல்லாம் தேறிய பிறகு மூச்சின் பலம்.