எலிகளுக்கும் நானே மருந்து ஊட்டினேன்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவன் நான். பண்ணையில் செய்ய வேண்டிய சுத்தத்தைச் செய்யாமல், அதற்குப் பதில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டி வந்தேன். பாதி தெரியாமல் செய்தது, பாதி தெரிந்தே செய்தது. இரண்டையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குஞ்சு ஷெட்டில் கழிச்சல் கண்டால் டாக்டரைக் கூப்பிட மாட்டேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிவந்து குடிதண்ணீரில் கலந்துவிடுவேன். சாவு குறைந்ததுமே நிறுத்திவிடுவேன், காசு மிச்சம் என்று. நோயே இல்லாத நாளிலும், வராமல் இருக்கட்டும் என்று தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்தேன். குஞ்சு எடை கூடியது. அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

2019 ஜூலையில் மத்திய அரசு கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது. செய்தியைப் படித்தேன். வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரிகளில் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று அது என்பதும் எனக்குத் தெரியவந்தது. அப்படியும், குடோனில் இருந்த சரக்கைத் தீரும்வரை போட்டேன். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எலியை நான் தீவன நஷ்டக் கணக்கில்தான் பார்த்தேன். தொல்லை மீறினால் விஷம் வைப்பேன், மற்றபடி கண்டுகொள்ள மாட்டேன். செத்த கோழியைச் சில நாள் குழியில் போடாமல் வேலிக்கு வெளியே வீசியதும் உண்டு. எலியும் நாயும் இழுத்துப்போயின.

பேட்சுக்குப் பேட்ச் அதே கழிச்சல் திரும்பி வந்தது. மருந்தும் கேட்கவில்லை. கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போனேன். ஈ.கோலை கிருமி, நான் கொடுத்துவந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அது அடங்காது என்று பரிசோதனை சொன்னது. ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, ஃபார்மலின் புகையும் போட்டேனே என்றேன். “எலியை என்ன செய்தீங்க?” என்று கேட்டார். நான் எதுவும் செய்திருக்கவில்லை.

பேட்ச் மாறும்போது கோழி போய்விடும், எலி போகாது. கூரையிலும் வளையிலும் தீவன அறையிலும் அது தங்கிவிடும். கோழி எச்சத்தில் புரண்டு, சிந்திய மருந்துத் தீவனத்தைத் தின்னும். ஒருநாள் கொஞ்சம், மறுநாள் இல்லை என்று அரைகுறை அளவில் மருந்து அதன் குடலுக்குள் போகும். குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல், தன் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். என் பண்ணையில் அந்தக் காரியம் கோழிக்குள்ளும் எலிக்குள்ளும் நடந்தது. புதுக் குஞ்சு இறங்கியதும் தீவனத் தட்டில் விழும் எலிப்புழுக்கை வழியாகப் பழைய கிருமி மீண்டும் ஷெட்டுக்குள் வந்துவிடும். முட்டைப் பண்ணைகளில் சால்மொனெல்லா என்ற கிருமி பரவுவதில் சுண்டெலிக்குப் பெரும் பங்கு உண்டென்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1992லேயே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு புழுக்கையில் லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும்.

மருந்தை எதிர்க்கும் திறன் பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கைமாறக்கூடியது. கொலிஸ்டினை எதிர்க்கும் அப்படியொரு மரபணுவை 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பன்றியிலும் கோழி இறைச்சியிலும் இருந்த அது ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் இருந்தது.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள் தீவன அறையை ஒட்டியே குடியிருந்தார்கள். ஷெட்டில் திரிந்த எலிதான் இரவில் அவர்கள் சோற்றுப் பானை மேலும் ஓடியது. பிள்ளைகள் வெறுங்காலோடு அந்த மண்ணில் விளையாடினார்கள். என்ன மருந்து போடுகிறேன், அதனால் என்ன வரும் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோழி எருவையும் மக்க வைக்காமல் பச்சையாகவே காட்டுக்காரர்களுக்கு விற்றேன்.

இப்போது பரிசோதனை இல்லாமல் மருந்து வாங்குவதில்லை. கொடுத்தால், சொன்ன நாள் முடியும்வரை கொடுக்கிறேன். தீவன அறைக்குக் கான்கிரீட் தளம் போட்டேன். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால் சந்துகளை அடைத்தேன். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டுகிறோம். குடியிருப்பைத் தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இதற்கெல்லாம் ஆன செலவு என்னால் தாங்கக்கூடியதாகவே இருந்தது. முன்பே செய்திருக்கலாம், மனமில்லாமல் இருந்தேன். இத்தனை செய்தாலும், நான் வளர்த்துவிட்ட கிருமியைத் திரும்பப் பிடித்து அடைக்க முடியாது.

பண்ணை வைத்திருக்கும் சகோதரர்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். கோழியை ஏற்றி அனுப்பும் அன்றைக்கே எலியைப் பிடிக்கத் தொடங்குங்கள். தீவனம் நின்று சில நாள் ஆகிவிட்டால் எலி அடுத்த ஷெட்டுக்கும், வேலையாட்கள் வீட்டுக்கும், பக்கத்துப் பண்ணைக்கும் போய்விடும்.