பெயரில்லாக் குமிழ்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, இசை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கோயில் பஜனையில் ஒலித்த ஆர்மோனியப் பெட்டியே. ஒரு கை துருத்தியை இயக்கும். மறு கை கட்டைகளில் ஓடும். பெட்டியின் முகப்பில் சில குமிழ்கள் இருக்கும். ஒன்றை இழுத்தால் சுருதி ஒலிக்கும். இன்னொன்றை இழுத்தால் காற்று வேறொரு வரிசை நாதத் தகடுகளுக்குச் செல்லும். பெட்டியைச் செய்தவர் எந்தக் குமிழுக்கு எந்த வேலையைக் கொடுத்தாரோ, அதுவே அதன் ஆயுட்கால வேலை.

முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் மூவர், பள்ளியின் கலை நிகழ்ச்சிக்குப் பின்னணி இசை வழங்கும் பொறுப்பை ஏற்றோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மிடி கீபோர்டு ஒன்றை வாங்கினோம். அதற்குத் தனியே ஒலி கிடையாது. கணினியோடு இணைத்தால்தான் இசைக்கும். அதில் எட்டுக் குமிழ்கள் இருந்தன. ஆவலுடன் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். ஒன்றும் நிகழவில்லை. கருவி பழுதோ என்று அஞ்சினோம். பழுதன்று, அவற்றுக்கு நாங்கள் இன்னும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவே.

மிடி என்பது வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வகுக்கப்பட்ட பொதுமொழி. 1983ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவிக் கண்காட்சியில், ஓர் அமெரிக்கக் கருவியும் ஒரு ஜப்பானியக் கருவியும் கம்பியால் இணைக்கப்பட்டு இம்மொழியில் பேசிக் காட்டின. இதில் குமிழ் ஒலியை அனுப்புவதில்லை, எண்களையே அனுப்புகிறது. "நான் இன்ன எண்ணுடைய குமிழ், இப்பொழுது என் அளவு இவ்வளவு" என்பதே அதன் செய்தி. அளவு 0 முதல் 127 வரை செல்லும். 7 என்ற எண் ஒலியளவுக்கும், 64 மிதிகட்டைக்கும் என வழக்கமாக வகுக்கப்பட்டவையும் உண்டு. மற்றவற்றுக்கு நாமே வேலை கொடுக்கலாம். கணினித் திரையில் எதிரொலி என்ற இடத்தைத் தேர்ந்து, கற்றுக்கொள்ளுமாறு கட்டளையிட்டு, விரும்பிய குமிழைச் சற்றுத் திருப்பினால் போதும். அக்கணம் முதல் அக்குமிழ் எதிரொலியின் பணியாள்.

கருவியின் இடப்புறத்தில் சுருதிச் சக்கரம் ஒன்றும் உண்டு. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்ல இயலாது. நம் இராகங்களுக்கு உயிரான கமகம் அதில் எழாது. இக்குறையும் காரணமாக, அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. சுருதிச் சக்கரம் இக்குறையை ஓரளவு போக்குகிறது. சாதாரணக் குமிழுக்கு 128 படிகளே. சக்கரத்திற்கோ 16,384 படிகள். ஆகவே சுரம் தாவாமல் குழைந்து செல்லும். துருத்தி போன பின் ஓய்ந்திருந்த இடக்கைக்கு மீண்டும் வேலை கிடைத்தது என்று மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி கலை நிகழ்ச்சியன்று குலைந்தது. முதற்பாட்டு முடிந்தபோது ஒரு குமிழ் உச்சியில் நின்றிருந்தது. அடுத்த பாட்டைப் பாட மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மேடையேறினாள். பால்மரம் வெட்டி ஓய்ந்த அவள் பாட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அப்பாட்டிற்கு அதே குமிழ் புல்லாங்குழலின் ஒலியளவைக் கவனிக்க வேண்டும். கணினியில் குழலின் அளவு 40. கையிலிருந்த குமிழோ 127இல். நாங்கள் குமிழை இம்மி அசைத்தோம். குழல் ஒரே தாவலில் உச்சிக்கு ஏறியது. குழந்தையின் குரல் அதில் மூழ்கியது. அவள் திகைத்துப் பாட்டை நிறுத்திவிட்டாள்.

கருவியை அணைத்தோம். ஆசிரியை மேடையேறி அவள் தோளைத் தொட்டார். அவள் துணைக்கருவி ஏதுமின்றி முதலடியிலிருந்து மீண்டும் பாடி முடித்தாள். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அக்கைதட்டலில் எங்களுக்குப் பங்கில்லை என்பதை நாங்கள் அறிவோம்.

குமிழ் நிற்கும் இடமும் கணினி நினைத்திருக்கும் இடமும் ஒன்றாகும் வரை கணினியைப் பொறுத்திருக்கச் செய்யும் ஏற்பாடு உண்டு. அதை நாங்கள் அமைக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு ஒத்திகையும் பார்க்கவில்லை. குற்றம் கருவியினுடையதன்று.

மறுவாரம் அம்மாணவியையே அழைத்து, ஒவ்வொரு குமிழின் கீழும் ஒட்டுவதற்குப் பெயர் எழுதித் தரச் சொன்னோம். குழல், சுருதி, எதிரொலி என்று முத்து முத்தாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "அண்ணா, என் பாட்டுக்கு எந்தக் குமிழ்?" என்று கேட்டாள்.

"எட்டுமே உன் பாட்டுக்குத்தான், தங்கச்சி" என்றோம். அதை அன்றுதான் நாங்களும் உணர்ந்தோம்.

மாணவச் செல்வங்களே! புதிய கருவி கைக்கு வந்தால் அஞ்சாதீர்கள். ஒவ்வொரு குமிழுக்கும் நீங்களே வேலை கொடுங்கள். கொடுத்ததை எழுதி வையுங்கள். ஆனால் திருப்பும் முன், பாடுபவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.