ஊசி, நூல்... கொஞ்சம் கனகாம்பரம்!

டூர்னு சொன்னதும் ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்புற ஆளா நீங்க? இந்தத் தடவை ரூட்டை மாத்துங்க ஃப்ரெண்ட்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கையில் பஸ் காசும் இருந்தா போதும்... புதுக்கோட்டைக்கு வண்டி ஏறிடலாம். சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனா, டிக்கெட்டே இல்லாத ஒரு கண்காட்சியும் இந்த மாவட்டத்தில் தினமும் நடக்குது. இடம்: வீட்டுத் திண்ணை. அங்கே உட்கார்ந்து கதை பேசும் பெண்களின் கைகளைக் கவனிங்க. வாய் பேசும், கை ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்காது!

சூரியனுக்கு முன்னாடி...

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியா கிழக்கே போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிங்க. வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று வரிசையாக ஊர்கள். செம்மண் பூமி. பலா, தென்னை, வாழை... இடையிடையே முல்லை, மல்லிகை, கனகாம்பரம், சம்பங்கித் தோட்டங்கள். தண்ணீர்? பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுதான்.

இந்தத் தோட்டங்களில் பகல் பதினோரு மணிக்குப் போய் நின்றால் ஒன்றும் தெரியாது. மொட்டாக இருக்கும்போதே பறித்தால்தான் மல்லிகைக்கும் முல்லைக்கும் மதிப்பு. அதனால் விடியும் முன்பே தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இடுப்பில் பழைய சேலைத் துணியை மடியாகக் கட்டி, பறிக்கப் பறிக்க அதில் போடுகிறார்கள். காலேஜ் பஸ் வருவதற்குள் பூப் பறித்து முடிக்கும் பசங்களும் பொண்ணுங்களும் இந்தப் பக்கம் உண்டு. கனகாம்பரம் பார்க்கத்தான் அழகு, எடையே நிக்காது. ஒரு கிலோ சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்!

பறித்த பூ கடைக்குப் போனதும் அடுத்த ஷிஃப்ட் ஆரம்பம். கட்டுவது. ரெண்டு ரெண்டு பூவை எதிரெதிரே வைத்து, நாரை ஒரு சுற்று சுற்றி, ஒரு முடிச்சு. முன்பு நனைத்த வாழைநார், இப்போது பெரும்பாலும் நூல்கண்டு. மாலை என்றால் நீளமான ஊசி. பழகிய கைகள் பூவைப் பார்ப்பதே இல்லை. நாம் ட்ரை பண்ணினால் பத்தாவது பூவில் எல்லாம் கழன்று மடியில் கிடக்கும். "விடு தாயி, நான் கட்டுறேன்"னு பக்கத்தில் இருக்கும் அப்பாயி வாங்கிக்கொள்வதற்குள் நமக்கு வேர்த்துவிடும்.

முகூர்த்த நாளில் பூ விலை ஜிவ்வென்று ஏறும். கல்யாணம் இல்லாத ஆடியில் படுத்துவிடும். அரிசியைப்போல மூட்டை கட்டி வைத்து, விலை வரும்போது விற்கவும் முடியாது. சாயங்காலத்துக்குள் மொட்டு விரிந்துவிடும். ஆக, இந்தத் தொழிலில் கையின் வேகம்தான் காசு.

சைக்கிளும் புயலும்

இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு, தெரியுமா? 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கிண்டலைச் சட்டை பண்ணாமல் பெடல் மிதித்தார்கள். விளைந்ததைச் சந்தைக்கு எடுத்துப்போக, தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட... யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. வருஷக்கணக்கில் வளர்த்த தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புதுப் பலாக்கன்று காய்க்கப் பல வருஷம் ஆகும். பூச்செடிக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. மரம் விழுந்த வீட்டில் அன்றாடச் செலவைத் தாங்குவது இப்படிப்பட்ட சின்ன வருமானங்கள்தான்.

அப்பாயியின் ஏழு சேலை

திண்ணையிலிருந்து உள்ளே வாங்க. நம்மூர்ப் பழைய வீடுகளில் ஒரு விரிப்பு இருக்கும். கிழிந்த நூல் சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, ஓரத்திலும் குறுக்கிலும் நூலோட்டம் போட்டுத் தைத்தது. பிறந்த குழந்தைக்கு அதைவிட மெத்து கிடையாது. வங்காளத்தில் இதையே 'காந்தா' என்கிறார்கள். இன்று பெரிய கடைகளில் பெரிய விலை.

இன்னொரு மேட்டர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு குக்கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளான கறுப்பினப் பெண்கள், குளிருக்காகக் கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் நகர மியூசியம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006-ல் அமெரிக்க அரசு தபால்தலையே வெளியிட்டது! அதே ஊசி, அதே கந்தல். நம்ம அப்பாயியின் விரிப்பு மட்டும் பரணில் கிடக்கிறது. பாலியஸ்டர் சேலை வந்த பிறகு புதிதாகத் தைப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். நூல் சேலையின் அந்த மெத்து அதில் வராதே!

ஆச்சி வீட்டுக் கொட்டான்

திருமயம் பக்கம் திரும்பினால் கானாடுகாத்தானுக்குப் போட்டியாக நிற்கும் செட்டிநாட்டு வீடுகள். கடியாபட்டி, ராயவரம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம்தான். இந்த வீடுகளின் ஆச்சிகள் பனை ஓலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, கொட்டான் முடைவார்கள். மேலே கொக்கி ஊசியால் பின்னிய லேஸ், பாசிமணி, குஞ்சம். கல்யாணச் சீரில் கொட்டானுக்குத் தனி மரியாதை. அழிந்துபோக இருந்த கலை. காரைக்குடிப் பக்கம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தார்கள். இன்று 'செட்டிநாடு கொட்டான்' புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

கவனிச்சீங்களா? கொட்டானுக்குப் பேர் கிடைத்தது; விலையும் கிடைத்தது. பூக்கட்டுக்கும் சேலை விரிப்புக்கும் என்ன பேர்? "சும்மா இருக்கும்போது செய்யுறது"! செய்கிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த 'சும்மா'தான் எத்தனையோ பேரின் செமஸ்டர் ஃபீஸைக் கட்டியிருக்கு பாஸ். வேலைன்னு பேர் இல்லாத வேலைக்குக் கூலி கூட்டிக் கேட்கவும் முடியாது.

காலேஜ் ஃபாரத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் வருமே... யோசிக்காமல் 'இல்லத்தரசி'ன்னு எழுதிட்டுப் போயிடுவோம். அடுத்த தடவை பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. உங்க அம்மா பூக்கட்டுபவரா, தையல்காரரா, தோட்டக்காரரா? இல்லை, மூணுமா? கட்டத்தில் இடம் பத்தலைன்னாலும் பரவாயில்லை... எழுதுங்க!